சொன்ன பேச்சைக் கேட்கும் வீடுகளும், சொல்லிக்கொண்டு கிளம்ப முடியாத நானும்

வாயால் சொன்னால் விளக்கு எரிகிற, மின்விசிறி சுற்றுகிற வீடுகளைக் குறைந்த செலவில் அமைத்துக் கொடுப்பது என் தொழில். அந்த வீட்டுக்காரர்கள் முன் தலைகுனிந்து நிற்பது அதோடு கூடவே வந்த உபதொழில்.

பாலிடெக்னிக்கில் மின்னியல் பாடம் நடத்தி ஓய்வு பெற்றவன் நான். விளக்கையும் ஃபேனையும் தானே போட்டு அணைக்கும் ரிலே பலகை ஒன்று தீப்பெட்டி அளவில் கிடைக்கிறது. அதைப் பழைய சுவிட்ச் பெட்டிக்குள் பொருத்தி, வைஃபையில் இணைத்து, பேச்சைக் கேட்கும் சின்னப் பெட்டி ஒன்றை மேசைமேல் வைத்தால் வேலை முடிந்தது. யூடியூப் பார்த்து நீங்களே செய்துகொள்ளலாம். செய்தும் இருப்பீர்கள். சுவிட்ச் பெட்டி பாதி திறந்து தொங்க, வீடு இருட்டாகக் கிடக்க, குடும்பமே உங்களை ஒரு பார்வை பார்த்திருக்கும். அந்தப் பார்வையை வாங்கிக்கொண்ட சக அவதிக்காரர்களுக்காகத்தான் இதை எழுதுகிறேன்.

சோதனைச்சாலை

முதல் பரிசோதனை அயோத்தியாப்பட்டணத்தில் என் சொந்த வீட்டில். மைத்துனர் வந்திருந்தார். அவரை நாற்காலியில் உட்கார வைத்து, தொண்டையைச் செருமிக்கொண்டு, செய்தி வாசிப்பவரைப் போலத் திருத்தமாக விளக்கைப் போடச் சொன்னேன். பெட்டி "சரி" என்றது. விளக்கு எரியவில்லை. மறுபடி சொன்னேன். மறுபடியும் "சரி". மைத்துனர் மரியாதைக்குக் கூரையைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

காரணம் எளியது. அறையை விட்டு வெளியே வந்தால் கை தானாகச் சுவிட்சை அணைக்கும் குடும்பத்தில் பிறந்தவள் என் மனைவி. சுவரில் சுவிட்ச் அணைந்திருந்தால் ரிலேவுக்கு மின்சாரமே போகாது. பெட்டி எத்தனை முறை "சரி" சொன்னாலும் சரிவராது. இதை நான் மின்சுற்றின் அடிப்படையிலிருந்து தொடங்கி இருவருக்கும் விளக்கிக்கொண்டிருந்தபோது, அவள் எழுந்து போய்ச் சுவிட்சைத் தட்டிவிட்டு வந்து உட்கார்ந்தாள். "நீங்க அதுகிட்டச் சொல்லி, அது உங்களுக்குப் பதில் சொல்லி, நீங்க எங்களுக்குப் பாடம் எடுத்து முடிக்கறதுக்குள்ள நான் லைட்டே போட்டுட்டு வந்துட்டேன்."

ஃபேர்லேண்ட்ஸில் ஒரு சந்தேகம்

சேலம் ஃபேர்லேண்ட்ஸில் ஓர் அடுக்குமாடி வீடு. வீட்டம்மா படித்தவர். நான் பெட்டியை மேசைமேல் வைத்ததுமே கேட்டார்: "இது நாங்க பேசறதையெல்லாம் கேட்டுக்கிட்டே இருக்குமா?"

நேர்மையாகப் பதில் சொல்வது என் பலவீனம். கேட்டுக்கொண்டேதான் இருக்கும் என்றேன். ஆனால் அதற்கு ஒரு பெயர் உண்டு. பெயரைச் சொல்லிக் கூப்பிட்ட பிறகு நாம் சொல்வதற்குத்தான் அசையும், மற்ற எதற்கும் ஒன்றும் செய்யாது என்றும் சொன்னேன். சோபாவில் அவர் கணவர் செய்தித்தாளுக்குப் பின்னால் இருந்தார். வீட்டம்மா அந்தச் செய்தித்தாளைப் பார்த்தபடியே சொன்னார்: "எல்லாத்தையும் கேட்டுக்கிட்டே இருக்கும், பேர் சொல்லிக் கூப்பிட்டாத்தான் அசையும்னா, அந்த மாதிரி எங்ககிட்ட ஏற்கெனவே ஒண்ணு இருக்குதுங்க சார்."

கூப்பிடாமல் இருப்பதற்கு

எடப்பாடியிலிருந்து ஒருநாள் அழைப்பு வந்தது. செல்லமுத்து என்பவர், ஆழ்துளைக் கிணறு போடும் ரிக் லாரியில் பாதி இந்தியாவைச் சுற்றியவர். ரிக்கின் மேலிருந்து விழுந்து இடுப்பெலும்பு முறிந்து, இப்போது நடு அறைக் கட்டிலில் இருக்கிறார். பகலிலும் விளக்கு வேண்டிய அறை அது. மனைவி காலமாகிவிட்டார். மகன் அதே ரிக் லாரியோடு வடக்கே போயிருக்கிறான். வீட்டில் மருமகள் கோகிலா மட்டும். வீட்டை ஒட்டிய கொட்டகையில் அவர் விசைத்தறி ஓட்டுகிறார். தறி ஓடும்போது இடி விழுந்தாலும் கேட்காது. மாமனாருக்கு ஃபேன் வேண்டுமென்றால் அவர் கத்த வேண்டும், அது எப்படியோ இவர் காதில் விழ வேண்டும், ஓடுகிற தறியை நிறுத்திவிட்டு இவர் வர வேண்டும். சுவிட்சைத் தட்டிவிட்டுப் போய் மறுபடி ஓட்டினால், சற்று நேரத்தில் லைட்டு.

"ஒரு ஃபேனுக்காக ஓடற தறிய நிறுத்திப்போட்டு வருதுங்க இந்தப் புள்ள. எனக்கு ஒடம்பு கூசுதுங்க" என்றார் செல்லமுத்து. இனிமேல் அந்தக் கவலை இல்லை என்று நான் என் பெட்டியை எடுத்து வைத்து, முதலில் அதன் பெயரைச் சொல்லிக் கூப்பிட வேண்டும் என்று தொடங்கினேன்.

"பேரு வேண்டாமுங்க."

"பெயர் சொன்னால்தான் அது கவனிக்கும்."

"வேண்டாமுங்க வாத்தியாரே."

பெயர் ஏன் அவசியம் என்று நான் மூன்று காரணங்களோடு ஆரம்பித்தேன். அவர் கையைத் தூக்கி நிறுத்தினார். "ஒருத்தரைக் கூப்பிட்டாத்தான் லைட்டு எரியும்னா, நான் கோகிலாவையே கூப்பிட்டுக்க மாட்டனுங்களா? இனி யாரையும் கூப்பிடக் கூடாதுன்னுதானுங்க உங்களைக் கூப்பிட்டேன்."

பாவு தீர்ந்த நாள்

பெயரை எடுத்துவிட்டேன். சில வாக்கியங்களை மட்டும் கேட்டதும் நேராக வேலை செய்யும்படி அமைத்தேன். என் வீட்டு அனுபவத்தால், சுவர் சுவிட்சுகளின் மேல் டேப் ஒட்டி 'தொடாதீர்கள்' என்று கொட்டை எழுத்தில் எழுதியும் வைத்தேன். பேசிப் பார்க்கச் சொன்னேன். செல்லமுத்து "ஃபேன் போடுங்க" என்றார். இலக்கணத்தில் ஏவல் என்று ஒரு வினை உண்டு. எடப்பாடிக்காரர்கள் அதற்கும் ஒரு 'ங்க' சேர்த்துத்தான் ஏவுவார்கள். ஃபேன் சுற்றியது. லைட்டு எரிந்தது. கோகிலா காபி கொண்டுவந்து கொடுத்துவிட்டு நின்று வேடிக்கை பார்த்தார். அன்று அவருக்கு அதற்கெல்லாம் நேரம் இருந்தது. தறியில் ஏற்றிய பாவு நூல் தீர்ந்து, புதுப் பாவு பிணைக்க ஆள் வராமல் தறி நின்றிருந்த நாள் அது. இதில் கவனிக்க வேண்டியது ஏதாவது இருக்கிறது என்று எனக்குத் தோன்றவே இல்லை. சேலம் வரும்வரை பேருந்தில் எனக்கு நானே மாலை போட்டுக்கொண்டு வந்தேன்.

மறுநாள் காலை தொலைபேசி. எடுத்ததும் தடக்தடக்கென்று தறிச் சத்தம். அதற்கு மேலே செல்லமுத்துவின் குரல். "நான் கத்துனா கோகிலாவுக்கும் கேக்கறதில்லை, உங்க டப்பாவுக்கும் கேக்கறதில்லைங்க. கோகிலாவாச்சும் வந்தா, சாப்பிட்டீங்களா மாமான்னு ஒரு வார்த்தை கேக்கும்."

பயிற்சி வகுப்பு

கட்டில் தலைமாட்டில் ஒரு வளைகுழாயைக் கட்டி, அவர் வாய்க்குப் பக்கத்திலேயே மைக்கைத் தொங்கவிட்டேன். தறிச் சத்தத்திலும் பெட்டிக்குக் காது கேட்டது. பல நாட்கள் அவர் யாரையும் கூப்பிடவில்லை. போனில் அதைச் சொல்லும்போது அவர் குரலில் ஒரு மிடுக்கு இருந்தது. அதோடு நான் விட்டிருக்கலாம்.

இடுப்புக்குப் பயிற்சி கொடுக்க அவரை அவ்வப்போது ஆஸ்பத்திரிக்கு அழைத்துப்போவார்கள். ஆட்டோ வாசலில் நிற்க, கோகிலா வீடு முழுக்க ஓடி எல்லாவற்றையும் அணைக்க வேண்டியிருந்தது. மற்ற அறைகளிலும் ரிலே பொருத்தி, ஒரே வாக்கியத்தில் எல்லாம் அணையும்படி செய்கிறேன், அதைச் செல்லமுத்துவே சொல்லட்டும் என்றேன். அவருக்குச் சந்தோஷம். 'நான் போறேன்' என்ற வாக்கியத்தைத் தேர்ந்தெடுத்தேன், சுருக்கமானது, தெளிவானது. எங்கே, சொல்லுங்கள் என்றேன். அவர் வாயைத் திறந்தார். கோகிலா கையிலிருந்த டம்ளரைத் தரையில் வைத்தார்.

விடைபெறும்போது போகிறேன் என்று சொல்லாத மக்கள் நாம் என்று, மோட்டார் பாடத்தை நடுவில் நிறுத்தி மாணவர்களுக்கு விரிவுரை ஆற்றியவன் நான். அது என் நினைவுக்கு வருவதற்குள் கோகிலா பேசிவிட்டார். "கட்டில்ல கெடக்கற மனுசரை நான் போறேன்னு சொல்லிப் பழகச் சொல்றீங்களே, நீங்க பாடஞ் சொல்லிக் குடுத்த வாத்தியாருதானுங்களா?"

எல்லாம் என்றால் எல்லாம்

அவமானத்தை ஈடுகட்ட, மிகையாகவே செய்தேன். வாக்கியத்தை 'போயிட்டு வாரேன்' என்று மாற்றினேன். 'ங்க' சேர்த்துச் சொன்னாலும் சேர்க்காமல் சொன்னாலும் புரிந்துகொள்ளும்படி இரண்டையும் கற்பித்தேன். 'எல்லாம்' என்ற சொல்லுக்கு விலக்கு கிடையாது என்று நினைக்கும் மூளை எனக்கு. ஆகவே விளக்கு, ஃபேன், டிவியோடு வைஃபை பெட்டியும், பேச்சைக் கேட்கும் பெட்டியுமே அணையும்படி செய்தேன். திரும்பி வந்ததும் கோகிலா வாசற்படி ஓரமாக உள்ள ஒரு பொத்தானை அழுத்தினால் எல்லாம் உயிர் பெறும்; அதை அவருக்கு மட்டுமே காட்டியிருந்தேன்.

அந்த வாரம் செல்லமுத்துவின் மகளுக்கு மாமனார், அதாவது சம்பந்தி, உடம்பு விசாரிக்க ஆத்தூரிலிருந்து வந்தார். பொழுது சாயும் நேரம். கோகிலா காபி கொடுத்துவிட்டுத் தறிக்குப் போய்விட்டார். சம்பந்தி எழுந்தார், கட்டிலில் குனிந்து, செல்லமுத்துவின் கையைப் பிடித்துக்கொண்டு, மைக்குக்கு நேராக, முறைப்படி சொன்னார்: "அப்ப போயிட்டு வாரேங்க." வீடு இருண்டது. ஃபேன் நின்றது. செல்லமுத்து "லைட்டு போடுங்க" என்றார். கேட்பதற்கு ஆளில்லை, பெட்டி தன்னையும் அணைத்துக்கொண்டிருந்தது. சம்பந்தி கண்ணியமானவர். 'தொடாதீர்கள்' என்று எழுதியிருந்ததை வெளிச்சத்தில் படித்திருந்தார், அதனால் தொடவில்லை. வழக்கமாக ஒருமுறை சொல்லிக்கொண்ட பிறகு நின்று பேசுகிற அரைமணி நேரப் பேச்சும் இருட்டில் ஓடவில்லை. "கெளம்பறவங்களை இன்னும் செத்த உக்காருங்கன்னுதான் சொல்லுவாங்க, உங்க வீட்ல ஃபேனையே நிறுத்திடறீங்களே சம்பந்தி" என்றாராம்.

இதையெல்லாம் மறுநாள் கோகிலா போனில் சொல்லச் சொல்ல, நான் சிரிப்பதா வேண்டாமா என்று யோசித்துக்கொண்டிருந்தேன். கடைசியில் அவர் சொன்னதைக் கேட்ட பிறகு யோசிக்கவில்லை. "சம்பந்தி தடவிக்கிட்டே வந்து சொல்லித்தானுங்க எனக்குத் தெரியும். அதுவரைக்கும் எங்க மாமா தொண்டை கட்டற மட்டும் என்னையக் கூப்பிட்டிருக்காருங்க."

விடைபெறுதல்

அடுத்த பேருந்தில் போனேன். எல்லாவற்றையும் கழற்றி எடுத்துக்கொண்டு போகச் சொல்வார்கள் என்று ஸ்க்ரூடிரைவரைச் சட்டைப் பையிலேயே வைத்திருந்தேன். செல்லமுத்து "வாங்க வாத்தியாரே" என்று மட்டும் சொன்னார். குரல் கரகரவென்று இருந்தது. வைஃபையையும் கேட்கும் பெட்டியையும் 'எல்லாம்' என்பதிலிருந்து விலக்கினேன். சுவரிலிருந்த என் கொட்டை எழுத்தை உரித்து எறிந்தேன். பிறகு, அந்த வாக்கியத்தையும் மாற்றிவிடுகிறேன், 'எல்லாத்தையும் நிறுத்து' என்று வைத்துக்கொள்ளலாம் என்றேன்.

"அது இருக்கட்டுமுங்க."

"வருகிறவர்கள் எல்லோரும் சொல்வார்களே."

"சொல்லட்டுமுங்க. ரிக் லாரி ஏறுறப்ப, வாசப்படியில நின்னு சொல்ற பேச்சு அது. ஏறுனா மாசக்கணக்குல வர மாட்டனுங்க. இப்ப ஆஸ்பத்திரிக்குப் போறப்பத்தான் அதைச் சொல்றதுக்கே எனக்கு வாய்க்குது." கொஞ்சம் யோசித்துவிட்டுக் குரலைத் தாழ்த்தினார். "அதுவுமில்லாம, பக்கத்தூட்டுக்காரரு வந்து உக்காந்தா லேசுல எந்திரிக்க மாட்டாருங்க. நான் ஒருக்கா சொன்னா ஃபேன் நின்னுபோவும். வேர்த்தா தன்னால எந்திரிச்சுக்குவாரு."

சோதித்துப் பார்த்தோம். அவர் சொன்னார், அறை இருண்டது. லைட்டு போடச் சொன்னார்; எரிந்தது. கொட்டகையில் தறி நிற்காமல் ஓடிக்கொண்டிருந்தது.

பையை எடுத்துக்கொண்டு கட்டிலருகே வந்தபோதுதான் எனக்கு உறைத்தது. சொல்லிக்கொண்டால் வீடு இருட்டாகும். ஏற்கெனவே ஒருமுறை இவரை இருட்டில் கத்தவிட்டவன் நான். ஒன்றும் சொல்லாமல் தலையை மட்டும் ஆட்டிவிட்டு, முதுகைக் காட்டாமல் பின்பக்கமாகவே வாசலை நோக்கி நகர்ந்தேன். செல்லமுத்து தலையணையிலிருந்து தலையைத் தூக்கிப் பார்த்தார்.

"ஏனுங்க வாத்தியாரே, சொல்லாமக் கொள்ளாமப் போறதுக்கு இது என்ன எழவூடுங்களா? வந்து வாய் நெறையச் சொல்லிட்டுப் போங்க. லைட்டை நான் போட்டுக்கறேன்."

சொன்ன பேச்சைக் கேட்கும் வீடுகளை அமைத்துக் கொடுக்கும் எனக்கு, அந்த வீடுகளை விட்டு வெட்கப்படாமல் வெளியே வருகிற வித்தை மட்டும் இன்னும் கைவரவில்லை.