நான் தவளை ஏற்றுமதி செய்த ஐப்பசி

ஜெர்மன்காரர்கள் தவளையைப் பிடித்து சூப் வைத்துக் குடிக்கிறார்கள் என்று நான் முழு மனதோடு நம்பினேன். அந்த நம்பிக்கையில் மகள் வீட்டில் ஒருவேளை பட்டினியும் கிடந்தேன்.

மகளும் மருமகனும் அங்கே ஒரு சின்ன ஊரில் இருக்கிறார்கள். போன வருஷம் பங்குனியில் நானும் மனைவியும் போயிருந்தோம். குளிர் சற்று விட்டு மழை பெய்த ஒரு மாலை, காலாற நடக்கப் போனவன் ரோட்டோரத்தில் பக்கத்து வீட்டு அம்மாவைப் பார்த்தேன். ஓய்வுபெற்ற டீச்சர். பளபளக்கும் மஞ்சள் மேல்சட்டை, ஒரு கையில் டார்ச், மறு கையில் வாளி. ரோட்டை ஒட்டி முழங்கால் உயரத்தில் ஒரு துணி வேலி. அதன் ஓரமாகக் குனிந்து குனிந்து எதையோ பொறுக்கிப் போட்டுக்கொண்டிருந்தார். எட்டிப் பார்த்தால், வாளி நிறையச் சொறித்தவளை. அவர் என்னைப் பார்த்துச் சிரித்தார். நானும் மரியாதைக்குச் சிரித்துவிட்டு, வந்த வழியே திரும்பிவிட்டேன்.

மறுநாள் மதியம் அதே அம்மா மூடிபோட்ட பாத்திரத்தில் சூடாக சூப் கொண்டுவந்தார். எனக்கு ஏகாதசி விரதம் என்று சொல்லிவிட்டேன்.

"ஏகாதசிதான் போயிடுச்சே" என்றாள் மனைவி, இரண்டாவது கிண்ணத்தை ஊற்றிக்கொண்டே.

அது பூசணிக்காய் சூப்.

மருமகன் சிரித்து முடித்தபின் விளக்கினார். குளிர்காலம் முழுக்கக் காட்டில் மண்ணுக்குள் கிடந்த தவளைகள், மழை கண்டதும் முட்டையிடக் குளத்துக்குக் கிளம்புமாம். நடுவில் ரோடு. ஊர்க்காரர்கள் வேலி கட்டி, அங்கே முட்டி நிற்பவற்றை அள்ளி, எதிர்ப்பக்கத்துக் குளத்தில் விடுகிறார்கள். மெதுவாகப் போகச் சொல்லிக் கார்களுக்கு அறிவிப்புப் பலகை வேறு. அன்று மாலை நானும் போனேன். டீச்சரம்மா ஒன்றை எடுத்து என் உள்ளங்கையில் வைத்தார். ஜில்லென்று இருந்தது. அதன் தொண்டை மட்டும், ரிசல்ட் பார்க்க வந்த பையனுக்குப் போல, படபடவென்று அடித்துக்கொண்டிருந்தது.

எனக்கு மயிலாடுதுறையை அடுத்த குத்தாலத்துப் பக்கம். ஐப்பசியில் எங்கள் ரோட்டில் வண்டி ஓட்டினால் டயருக்கடியில் ஒரு சத்தம் கேட்கும். இத்தனை வயது வரைக்கும் அதை மழையின் சத்தங்களில் ஒன்றாகவே நினைத்திருந்தேன்.

அத்தோடு விட்டிருக்கலாம். ஊருக்குத் திரும்பும்போது மகளிடம் கேட்டு ஒரு மஞ்சள் மேல்சட்டை வாங்கி வந்தேன்.

ஐப்பசி மழை பிடித்தது. என் வயலுக்கும் வாய்க்காலுக்கும் நடுவில் ரோடு. மயிலாடுதுறை போகிற வேனெல்லாம் அதில்தான் பறக்கும். பொழுது சாய்கிற நேரத்தில் சட்டையை மாட்டிக்கொண்டு, காலி பெயின்ட் வாளியும் டார்ச்சுமாக இறங்கினேன். ஜெர்மன் தவளை எடுத்த கையில் உட்கார்ந்திருந்தது. எங்கள் ஊர்த் தவளை கையில் மூத்திரம் பெய்துவிட்டு, வாளியிலிருந்து எகிறி, மறுபடி நடுரோட்டுக்கே போனது. நான் துரத்தினேன். சொசைட்டியில் பாலை ஊற்றிவிட்டுத் திரும்பிக்கொண்டிருந்த பங்காளி, எனக்கு ஒன்றுவிட்ட தம்பி, பைக்கை நிறுத்தினான்.

"என்னண்ணே, தவளையா?"

"ரோட்டத் தாண்டி விடுறேன்டா. அடிபட்டுச் சாவுதுல்ல."

சட்டையைப் பார்த்தான். வாளியைப் பார்த்தான். "சரிண்ணே, நான் யார்கிட்டயும் சொல்லல" என்றான்.

அவன் சொல்லாமலிருந்த வேகத்தில், விடிவதற்குள் டீக்கடைக்குச் சேதி போய்விட்டது. ஒரு காலத்தில் இந்தப் பக்கமெல்லாம் தவளைக்கால் ஏற்றுமதி நடந்தது. விளக்கோடு வயலில் இறங்கிச் சாக்குச் சாக்காகப் பிடித்தவர்கள் இன்றும் ஊரில் இருக்கிறார்கள். அரசாங்கம் தடை போட்டு அது நின்றுபோனது. வெளிநாட்டில் மகள், கையில் வாளி. ஊருக்கு இதற்குமேல் என்ன வேண்டும்?

டீக்கடையில் வேலி, பலகை, டீச்சர், குளம் என்று ஒன்றுவிடாமல் சொல்லிப் பார்த்தேன். கடைக்காரர் பொறுமையாகக் கேட்டார்.

"அவ்ளோ பெரிய நாட்டுக்காரன் தவளையத் தூக்கி அந்தாண்ட விட்டுட்டுச் சும்மா வீட்டுக்குப் போறானா? தொழில் ரகசியம் சொல்ல வேணாங்க. அதுக்காகக் கதை சொல்லாதீங்க."

எனக்குத் தொண்டை கட்டியதுதான் மிச்சம். உண்மையைச் சொல்லச் சொல்ல, நான் பெரிய அமுக்கன் என்ற பெயர்தான் வளர்ந்தது. ஒரு நல்ல காரியம் செய்கிறான் என்று நம்ப ஊரில் ஒரு ஆள் கிடையாது. டீச்சரம்மாவின் வாளியைப் பார்த்து நான் மட்டும் என்ன நினைத்தேன் என்பது ஞாபகம் வந்ததும், யார்மேல் கோபப்படுவது என்றும் தெரியவில்லை.

அடுத்த நாள் காலை மனைவி எழுப்பினாள். "ஏங்க, வாசல்ல ரெண்டு உரச்சாக்கு நகருது."

பங்காளிக்குப் போன் போட்டேன். "சாம்பிளுண்ணே. பெருசாப் பாத்துப் போட்டிருக்கோம்" என்றான். அந்த 'கோம்' என்றால் அவன் ஒருத்தன் இல்லை, ஊரே இறங்கியிருக்கிறது. இரக்கப்பட்டு நான் காப்பாற்றியது ஒரு வாளி. என் இரக்கத்தால் பிடிபட்டது இரண்டு மூட்டை.

"தவளை புடிச்சா கேசும்பாங்களே" என்றாள் மனைவி. "கேசு விழுந்தா பாஸ்போர்ட்டு என்னாவும்?"

மகளுக்குத் தை மாதம் தலைப்பிரசவம். இருவருக்கும் டிக்கெட் போட்டாகிவிட்டது. நான் தவளைக்குப் பரிதாபப்பட்ட லட்சணத்தில், என் மகள், பெற்றவர்கள் பக்கத்தில் இல்லாமல், பிள்ளை பெறப்போகிறாள் என்று கண்முன் தெரிந்தது. அந்த நேரம் பார்த்துத் தெருமுனையில் ஒரு ஜீப் திரும்பியது.

மூட்டைகளை இழுத்துக்கொண்டு பாத்ரூமுக்கு ஓடினேன். மூச்சு முட்டிச் செத்துவிடப் போகின்றனவே என்று வாயை அவிழ்த்தேன். அது இரக்கம். அவிழ்த்தபின் கதவைச் சாத்தாமல் வாசலுக்கு ஓடினேன். அது நான். ஜீப்பிலிருந்து இறங்கியவர் வாயைத் திறப்பதற்குள், பிடித்தது நானில்லை, நான் ரோட்டைத் தாண்டி விட்டவன் மட்டும்தான், ஜெர்மனியில் இது புண்ணியம், மகள் மாசமாக இருக்கிறாள் என்று எல்லாவற்றையும் கொட்டித் தீர்த்தேன். கூடத்திலிருந்து ஒரு பெருந்தவளை சாட்சி சொல்வதுபோலக் கத்தியது.

"அதுக்கு வேற ஆபீஸுங்க" என்றார் அவர். "நாங்க கரண்ட் ஆபீஸு. வயல்ல போஸ்ட் சாஞ்சிருக்குன்னு நீங்கதான சொன்னீங்க?"

நான் சொன்னது அதற்கு முந்தின வருஷம்.

இன்றைக்கு வந்தது கரண்ட் ஆபீஸ். நாளைக்கு யார் வருவார்களோ. மூட்டை வருவது நிற்கவேண்டும். உண்மை ஏற்கெனவே தோற்றுப்போயிருந்தது. பங்காளியைக் கூப்பிட்டுக் குரலைத் தாழ்த்தினேன்.

"சரக்கு இன்னும் முத்தலடா. தை தாண்டட்டும். அதுவரைக்கும் ஒண்ணுமேலகூட கை படக்கூடாது. நசுங்குனா ஆர்டர் போச்சு."

"இத மொதல்லயே சொல்லியிருக்கலாம்லண்ணே" என்றான். முதல் தடவையாக என் பேச்சை நம்பினான்.

கூடம், சமையலறை, பீரோவுக்கு அடி என்று தேடித்தேடிப் பிடித்து, எல்லாவற்றையும் வாய்க்காலில் விட்டோம். பொழுது சாய மழை பிடித்தது. வாளியோடு ரோட்டுக்குப் போனேன். நடுரோட்டில் பங்காளி டார்ச் அடித்துக்கொண்டு நின்றான், பக்கத்தில் இன்னும் நாலைந்து பேர். ஒரு வேனை மறித்து நிறுத்தியிருந்தார்கள்.

"நம்ம சரக்கு தாண்டுது. கொஞ்சம் நில்லுங்க" என்று டிரைவரிடம் சொல்லிக்கொண்டிருந்தான்.

டிரைவர் இன்ஜினை அணைத்தார். தவளைகள் யார் கையும் படாமல், அவசரமில்லாமல், வயலுக்கு இறங்கின. எனக்கு அங்கே வேலை இல்லை.

மழைக்காலம் முடியும்வரை அவர்கள்தான் நின்றார்கள். கேஸ் எதுவும் வரவில்லை. தையில் பேத்தி பிறந்தபோது நாங்கள் இருவரும் ஜெர்மனியில்தான் இருந்தோம். டீச்சரம்மா சூப் கொண்டுவந்தார், குடித்தேன். என் பெயின்ட் வாளியில் மனைவி கறிவேப்பிலைக் கன்று வைத்திருக்கிறாள். ரேட்டு பேசிவிட்டீர்களா என்று பங்காளி போன வாரமும் கேட்டான்.