செருப்புப் போட்ட நேர்ச்சை

வகுப்பில் யாராவது கொட்டாவி விட்டால் எனக்குப் பொறுக்காது. மூக்குக்கு மேல் கோபம் என்று வீட்டிலேயே பெயர் வாங்கியவள் நான். பிசியோதெரபிஸ்டாக இருபது வருடம் மற்றவர்களின் முதுகையும் முட்டியையும் பார்த்தபிறகு, இப்போது கிராமத்துச் செவிலியர்களுக்குப் பயிற்சி கொடுக்கிறேன். மாத்திரை கொடுப்பதோடு நிற்காமல் நோயாளியை நடக்க வைக்க வேண்டும், அதற்கு எப்படிப் பேச வேண்டும் என்பதுதான் பாடம். தூத்துக்குடியில் ஒரு மாடி ஹாலில் வகுப்பு. துறைமுகத்துக்குப் போகும் லாரிகளின் இரைச்சலுக்கு மேல் நான் கத்த வேண்டும். அது எனக்குக் கைவந்த கலை.

மூன்றாவது வகுப்பில், "தினமும் அரை மணி நேரம் நடக்கணும்னு சீட்டுலயே எழுதிக் குடுங்க" என்றேன். பின்வரிசையில் கடற்கரைக் கிராமம் ஒன்றிலிருந்து வந்திருந்த செவிலியர் கை தூக்கினார். நாற்பது வயதிருக்கும். அதுவரை வாய் திறக்காதவர்.

"எங்க ஊர்ல சும்மா நடக்க முடியாது மேடம்."

"ஏன், ரோடு இல்லையா?"

"ரோடு இருக்கு. நடக்க விடமாட்டாவ."

சாக்குச் சொல்கிறார் என்று நினைத்துப் பொரிந்து தள்ளிவிட்டேன். மனமிருந்தால் எங்கும் நடக்கலாம், செவிலியரே இப்படிப் பேசினால் நோயாளி என்ன செய்வார் என்று ஒரு பாட்டம். அவர் முகம் மாறவேயில்லை. "ஒருநாள் வந்து நடந்து பாருங்க மேடம்" என்று மட்டும் சொல்லி உட்கார்ந்துவிட்டார்.

வீம்புக்கென்றே அந்தச் சனிக்கிழமை சாயங்காலம் போனேன். மாதா கோவில் வாசலிலிருந்து கைவீசி நடக்க ஆரம்பித்தேன். முதல் வீட்டிலேயே ஒரு அம்மா, "எங்கன போறிய?" என்றார். சும்மா நடக்கிறேன் என்றதும் அவர் முகத்தில் கவலை வந்துவிட்டது. உள்ளே போய் பிளாஸ்டிக் நாற்காலி எடுத்து வந்து போட்டார். அடுத்த வீட்டில் கலர் சோடா உடைத்துக் கொடுத்தார்கள். பைக்கில் வந்த பெரியவர் வண்டியை நிறுத்தி, "ஏறுங்க, கொண்டு விடுதேன்" என்றார்.

"நான் எங்கயும் போகலை அண்ணாச்சி."

"அப்பம் எதுக்கு நடக்கிய?"

அரை மணி நேரத்தில் கோவிலிலிருந்து மீன் ஏலக்கூடம் வரைதான் வந்திருந்தேன். திரும்பிப் பார்த்தால், பின்னால் வந்த செவிலியர் சேலைத் தலைப்பால் வாயை மூடியிருந்தார். தோள் குலுங்கியது.

அப்புறம் அவர் என்னை ஒரு வீட்டுக்கு அழைத்துப் போனார். அங்கிருந்தவர் ஐம்பது கடந்த பெண், கருவாட்டு வியாபாரி. சர்க்கரை நோய் உண்டு. மகள் வளைகுடா நாட்டில் இருக்கிறாள், தலைப்பிரசவம். மாப்பிள்ளை டிக்கெட் எடுப்பதாகச் சொல்லியிருக்கிறார். ஆனால் மூன்று மாதத்துக்குள் சர்க்கரை இறங்காவிட்டால் விமானம் ஏற விடமாட்டேன் என்று மருத்துவர் கறாராகச் சொல்லிவிட்டார். நடக்க வேண்டும் என்று இவருக்கும் தெரியும், நடந்தும் பார்த்திருக்கிறார். மூன்றாம் நாளே, அக்கா தனியாக வீட்டைவிட்டு நடக்கிறாள் என்று கேள்விப்பட்டுப் பெரியதாழையிலிருந்து தம்பி ஓடி வந்து, மச்சானோடு சண்டையா என்று கேட்டிருக்கிறார். அதோடு இவர் நடப்பதை நிறுத்திவிட்டார்.

"எம் மவ பேறுகாலத்துக்கு நான் அங்கன இருக்கணும் டாக்டரம்மா. அவளுக்கு அங்க யாரும் இல்ல" என்றார். நான் டாக்டர் இல்லை என்று திருத்த எனக்கு மனம் வரவில்லை.

மொட்டை மாடியில் நடங்கள் என்றேன். வீட்டுக்கு ஓட்டுக் கூரை. முற்றத்தில் நடங்கள் என்றேன். முற்றம் முழுக்கக் கருவாடு காய்ந்தது. நான் அடுத்ததாக எதையோ சொல்ல வாயெடுக்கும் முன் செவிலியர் மெதுவாகக் கேட்டார்: "யக்கா, நம்ம ஊர்ல எப்பம் நடந்தா யாரும் ஒண்ணும் கேக்க மாட்டாவ?"

அவர் கொஞ்சம் யோசித்தார். "நேர்ச்சைக்கு நடந்தா கேக்க மாட்டாவ."

மாதாவிடம் வேண்டிக்கொண்டு நடப்பவரை அங்கே யாரும் நிறுத்துவதில்லை, வண்டியில் ஏறச் சொல்வதுமில்லை. "அப்போ நேர்ச்சைன்னே சொல்லிடுங்க" என்றேன் துள்ளிக்கொண்டு. அவர் என்னைப் பார்த்த பார்வையில் நான் சுருங்கிப்போனேன்.

"பொய் நேர்ச்சையா? எம் மவ வயித்துப் புள்ளையோட இருக்கையில?"

நாக்கைக் கடித்துக்கொண்டேன். ஆனால் மறுநாளே அவர் நிஜமாகவே நேர்ந்துகொண்டார். மகள் நல்லபடியாகப் பெற்றெடுக்கும்வரை தினமும் சாயங்காலம் ஊரின் தென்கோடியில் இருக்கும் குருசடிக்கு நடந்து போய், சிலுவைக்கு முன்னால் மெழுகுதிரி ஏற்றிவிட்டு நடந்தே திரும்ப வேண்டும். போகவர முக்கால் மணி நேரம். நான் கேட்டது அரை மணிதான்.

அடுத்த வகுப்பில் இதைச் சொல்லிச் சொல்லிப் பூரித்தேன். ஏதோ நானே கண்டுபிடித்த வழி மாதிரி பலகையில் படம்கூடப் போட்டேன்.

ஐந்தாவது வாரம் செவிலியர் போன் செய்தார். அந்த அக்காவின் உள்ளங்காலில் புண்.

நேர்ச்சைக்கு நடப்பவர்கள் செருப்புப் போடுவதில்லை. ஊரில் பிறந்த எல்லோருக்கும் தெரிந்த விஷயம், ஆகவே செவிலியர் அதைத் தனியாக யோசிக்கவே இல்லை. வெளியூர்க்காரியான எனக்குத் தோன்றவும் இல்லை. சர்க்கரை உள்ளவர்கள் வெறுங்காலோடு வாசலுக்குக்கூட வரக்கூடாது என்று வகுப்புக்கு வகுப்பு முழங்குகிறவள் நான். காலில் என்ன போட்டிருக்கிறீர்கள் என்று ஒரு வார்த்தை கேட்கவில்லை. மருத்துவர் கட்டுப்போட்டு, ஆறும்வரை நடக்கவே கூடாது, புண்ணோடு பயணமும் கிடையாது என்று சொல்லிவிட்டார். அன்று வகுப்பில் எனக்குச் சத்தமே எழும்பவில்லை. அழுகைதான் வந்தது.

சர்க்கரை நோயாளிகளுக்கென்றே மெத்தென்று செய்யும் எம்.சி.ஆர். செருப்பு ஒரு ஜோடி வாங்கிக்கொண்டு போனேன். அவருக்கு என்மேல் துளிக் கோபமும் இல்லை, அதுதான் இன்னும் வலித்தது. செருப்பை வாங்கிக் கட்டிலுக்கு அடியில் வைத்துவிட்டார்.

"புண்ணு ஆறுனாலும் இதைப் போட்டுக்கிட்டு குருசடிக்குப் போக மாட்டேன். ஊரு சிரிக்கும். மாதா என்ன நெனைப்பா?"

நாங்கள் மூவருமாக ஆட்டோவில் பங்குச் சாமியாரிடம் போனோம். அவர் கான்வாஸ் ஷூவோடு இளைஞர்களுடன் வாலிபால் ஆடிக்கொண்டிருந்தார். பந்தைக் கக்கத்தில் இடுக்கிக்கொண்டு முழுக் கதையையும் கேட்டார்.

"செருப்பில்லாம நடந்தா வலிக்கும். செருப்போட நடந்தா வெக்கமா இருக்கும். உங்களுக்கு ரெண்டுல எதும்மா கஷ்டம்?"

"வெக்கந்தான் சாமி."

"அப்பம் அதை மாதாவுக்குக் குடுங்க" என்று சொல்லிவிட்டு ஆட்டத்துக்குப் போய்விட்டார்.

புண் ஆற இரண்டு வாரத்துக்கு மேல் ஆனது. செவிலியர் தினமும் போய்க் கட்டுப் பிரித்துப் பார்த்தார். அக்கா மறுபடி நடக்க ஆரம்பித்த நாளில் செவிலியரும் தன் ஸ்கூட்டியை நிறுத்திவிட்டு, செருப்புக் காலோடு கூடவே போனார். சிரித்தவர்கள் சிரித்தார்கள். சாமியார் சொன்னது ஊருக்குள் பரவியதும் சிரிப்பும் அடங்கியது. பிறகு இன்னும் இரண்டு பெண்கள் சேர்ந்துகொண்டார்கள், அவர்களுக்கும் சர்க்கரை. மூன்றாம் மாதக் கடைசியில் மருத்துவர் ரத்தப் பரிசோதனைத் தாளையும் பாதத்தையும் மாறி மாறிப் பார்த்தார். இன்னும் கொஞ்சம் குறையலாம் என்று முணுமுணுத்துக்கொண்டே பயணத்துக்குச் சம்மதித்தார். செவிலியர் அதை போனில் சொன்னபோது நான் பஸ்ஸில் இருந்தேன். பக்கத்துச் சீட்டுக்காரரிடம் காரணம் சொல்லாமலே கடலை மிட்டாய் எடுத்து நீட்டினேன்.

வழியனுப்பத் திருவனந்தபுரம் விமான நிலையத்துக்குச் செவிலியரும் போயிருந்தார். அங்கிருந்து அனுப்பிய படம் வகுப்பு நடுவில் என் போனுக்கு வந்தது. மொழி தெரியாமல் மாமியார் தடுமாறக்கூடாது என்று மாப்பிள்ளை சக்கர நாற்காலிக்குச் சொல்லி வைத்திருக்கிறார். படத்தில் நாற்காலி மேல் பெரிய பை ஒன்று ஜம்மென்று உட்கார்ந்திருக்கிறது. ஊழியர் அதைத் தள்ளிக்கொண்டு போகிறார். அந்த அக்கா பக்கத்தில் நடந்து போகிறார்.

உட்காருங்கள் என்று ஊழியர் மூன்று தடவை கெஞ்சினாராம். இவர் அசையவில்லையாம்.

"நீங்க பையைத் தள்ளிட்டு வாங்க தம்பி. எம் மவ இன்னும் பெறல. நான் நடக்கணும்."