எட்டாவது சொல்

எனக்குப் பத்து வயதாக இருந்தபோது, எங்கள் டோர்ட்மண்ட் வீட்டுக் குளிர்சாதனப் பெட்டியின் கதவில் ஒரு பட்டியல் தொங்கியது. ஆங்கிலம் பேசும்போது என்னை ஏமாற்றிய ஜெர்மன் சொற்களை அதில் இலக்கமிட்டு எழுதியிருந்தேன். முதலாவது, கிஃப்ட். ஆங்கிலத்தில் அன்பளிப்பு, ஜெர்மனில் நஞ்சு. இப்படி ஏழு சேர்ந்திருந்தன. அம்மா யாழ்ப்பாணத்தில் ஆங்கில ஆசிரியையாக இருந்தவர். இங்கே ஒரு சலவைக்கூடத்தில் ஆஸ்பத்திரி விரிப்புகள் மடித்தார். நான் பிழை விட்டால் ஏசமாட்டார். "எழுது" என்பார், அவ்வளவுதான். இன்று மென்பொருளில் பிழை தேடும் என் வேலையும் ஏறக்குறைய அதே முறையில்தான் நடக்கிறது.

அந்த வருடம் லண்டனில் மாமாவின் மகளுக்குக் கலியாணம். அம்மா தன் அண்ணரைக் கண்டு பதினான்கு வருடங்கள். விசாவுக்கு எழுதிப் போட்டுவிட்டுத் தினமும் தபால்பெட்டியைத் திறந்து பார்த்தார். ஒரு சனிக்கிழமை கடிதம் வந்தது. நின்றபடியே வாசித்து, மடித்து, மேசை லாச்சிக்குள் போட்டுப் பூட்டினார். என்னவென்று கேட்டேன். பிறகு சொல்கிறேன் என்றார்.

அன்று பின்னேரம் கலியாணப்பெண்ணான மச்சாளே தொலைபேசி எடுத்தார். லண்டனில் பிறந்தவர், தமிழ் வராது. கதைத்துப் பழகு என்று அம்மா ரிசீவரை என்னிடம் தந்துவிட்டு, ரொட்டிக்கு மாக் குழைத்துக்கொண்டு பக்கத்தில் நின்றார். அத்தை வருகிறாரா என்று மச்சாள் கேட்டார். அம்மாவுக்கு வர விருப்பம் என்று சொல்ல நினைத்தேன். ஜெர்மனில் 'வில்' என்றால் விருப்பம். "அம்மா வில் கம்" என்றேன். லண்டனில் அது அம்மா வருவார் என்று ஆகிவிட்டது. மறுமுனையில் ஒரே ஆரவாரம்.

மாவுக்குள் அம்மாவின் கை அசையாமல் நின்றது. நான் ரிசீவரை வைத்துவிட்டு, பிழை ஏதும் உண்டா என்று வழக்கம்போலக் கேட்டேன்.

"இல்லைப் பிள்ளை. வடிவாத்தான் கதைச்சனி."

அந்தக் கிழமை முழுவதும் அம்மா ஒரு புது ஆளாக இருந்தார். பட்டுச்சேலையை எடுத்து இஸ்திரி போட்டார். மாமாவுக்குப் பிடித்த பயற்றம்பணியாரம் சுட்டார். விசா வந்துவிட்டது என்று நான் முடிவு செய்துகொண்டேன்.

கலியாணத்துக்கு முதல்நாள், எத்தனை மணிக்குப் பிளேன், காரோடு வந்து நிற்கிறேன் என்று மாமா தொலைபேசி எடுத்தார்.

"விசா தரேல்லை, அண்ணை. பிள்ளையின்ரை இங்கிலீசாலை வந்த குழப்பம்" என்றார் அம்மா.

"ரீச்சரின்ரை பிள்ளைக்கே இந்த இங்கிலீசோ?" என்று மாமா சொன்னது எனக்கும் கேட்டது.

அழுது முடித்து, நான் சொன்னதைச் சொல் சொல்லாக அகராதியில் தேடினேன். பட்டியலில் எட்டாவதாக 'வில்' என்று எழுதி, அம்மாவிடம் கொண்டுபோய்க் காட்டினேன். அவர் சேலையைத் திரும்ப மடித்துக்கொண்டிருந்தார்.

"தெரியும்" என்றார்.

சும்மா சொல்கிறார் என்று நினைத்தேன். ரீச்சர் கவனிக்காமல் விட்ட பிழையை நானே பிடித்துவிட்ட பெருமை எனக்குக் கனகாலம் இருந்தது.