துணி சுற்றிய ஒயர்

சலவைக் கூடத்தில் அவளை எல்லோரும் இஸ்திரி என்றே கூப்பிட்டார்கள். அவள் புருஷனை டிரம் என்று. விடுதிகளிலிருந்து மூட்டை மூட்டையாக வரும் படுக்கை விரிப்புகளை அவன் துவைப்பு எந்திரத்தின் டிரம்மில் போட்டு எடுப்பான், அவள் தேய்ப்பாள். கல்யாணமானதிலிருந்து வீட்டிலும் பேச்சு அதேதான்: சோப்புத்தூள், கறை, ஒயர்.

ஒயர்தான் அவள் தூக்கத்தைக் கெடுத்தது. எந்திரத்துக்குப் போகும் ஒயரில், இடுப்பு உயரத்தில், விரல் நீளத்துக்கு உறை உரிந்து செம்பு பல்லை இளித்துக்கொண்டிருந்தது. கீழே எந்நேரமும் தண்ணீர். அவன் மரப்பலகை மேல் நின்றுதான் வேலை பார்ப்பான். எந்திரத்தைத் தொடுமுன் புறங்கையால் ஒரு தட்டு தட்டுவான். ஷாக் அடித்தால் கை தானாக விலகிவிடும். உள்ளங்கை என்றால் பிடித்துக்கொள்ளும்.

"மாமியார் வீட்டுக் கதவு மாதிரி தட்டிட்டுத்தான் போறாரு உன் வீட்டுக்காரரு" என்று துணி மடிக்கும் அக்கா கேலி செய்வாள்.

இஸ்திரிக்குச் சிரிப்பு வராது. முதலாளியிடம் போய் நின்றாள்.

"ஒயர மாத்திடுங்க சார். பயமா இருக்கு."

"எலக்ட்ரீஷியன்கிட்ட சொல்லியாச்சும்மா. வருவான்."

"போன தடவையும் இதான் சார் சொன்னீங்க."

"அதுக்கு? எந்திரத்த நிறுத்தணுமா? விடுதிக்காரனுக்கு நீ பதில் சொல்லுவியா?"

வேலையை விட்டுவிடலாம் என்று வீட்டில் வாயைத் திறந்தாள். "விட்டுட்டு ரெண்டு பேரும் எங்க போறது?" என்றான் அவன்.

அவளால் முடிந்தது ஒன்றுதான். சாப்பாட்டு நேரத்தில் மெயினை நிறுத்தியிருந்தபோது, தன் மேசையிலிருந்து சூடு ஆறாத, மொறமொறவென்று காய்ந்த துண்டு ஒன்றை எடுத்துப்போய், செம்பு தெரியாமல் சுற்றிக் கட்டினாள். நெஞ்சுப் பாரம் கொஞ்சம் இறங்கியது.

சுவரே வியர்க்கும் கூடம் அது. அங்கே எந்தத் துணி காய்ந்தபடி இருந்திருக்கிறது? சாயங்காலத்துக்குள் துண்டு நீராவி குடித்து ஊறிப்போயிற்று. மூடியிருக்கிறது என்ற தைரியத்தில், அதுவரை ஒயர் பக்கமே கையைக் கொண்டுபோகாத புருஷன், குறுக்கே தொங்கிய அதைப் பிடித்து ஒதுக்கப் போனான். கை ஒட்டிக்கொண்டது.

மடிக்கும் அக்காதான் ஓடி மெயினை இறக்கினாள். இஸ்திரிக்குக் கால் நகரவில்லை.

உயிர் பிழைத்தான். வலது கை விரல்கள்தான் மடங்க மறுத்தன. "நல்லதுக்குத்தானே பண்ணின, விடு" என்றான். திட்டியிருந்தாலாவது தாங்கியிருப்பாள்.

ஆஸ்பத்திரியிலிருந்து திரும்பி வந்தவனை முதலாளி மடிப்புக்கு மாற்றினார். விரிப்பை மடிக்க ஆளுக்கு இரண்டு மூலை பிடிக்க வேண்டும். அவன் பிடித்த மூலை நழுவி நழுவி ஈரத்தரையில் விழுந்தது. பார்த்துக்கொண்டே இருந்த முதலாளி இஸ்திரி பக்கம் திரும்பினார்.

"டிரம்முக்கு ஆள் இல்லம்மா. நீ பாத்துக்கயேன். எலக்ட்ரீஷியன் வர்ற வரைக்கும்தான்."

துண்டை யாரோ அறுத்தெறிந்திருந்தார்கள்; ஒயர் பழையபடி வெறுமையாகத் தொங்கியது.

"மாட்டேன்னு சொல்லு" என்றான் புருஷன், மெதுவாக.

முதலாளியின் கண் கீழே கிடந்த விரிப்பின் மேல் இருந்தது. மாட்டேன் என்றால் வேலை போய் வீட்டுக்குப் போகப்போவது அவள் புருஷன்தான் என்று அவர் வாயால் சொல்லத் தேவையில்லை. அவள் எந்திரத்தை நோக்கி நடந்தாள். அவனும் பின்னாலேயே வந்தான்.

"நான் பக்கத்துல நிக்கிறேன்."

"நின்னு என்ன பண்ணுவீங்க?"

அவனுக்குத் தெரியவில்லை. ஆனாலும் நின்றான்.