சித்தப்பா எழுதிய எக்ஸ்மஸ்

எனக்கு ஒன்பது வயதான வருடம், சித்தப்பா அனுப்பிய கிறிஸ்துமஸ் அட்டையை அப்பா அவருக்கே திருப்பி அனுப்பினார். அதைத் தபாலில் போட்டது நான்தான்.

அப்போது பிரிக்பீல்ட்ஸில் ஒரு பழைய அடுக்குமாடியின் நான்காவது மாடியில் இருந்தோம். அப்பாவுக்கு ரயில்வேயில் வேலை. ஞாயிற்றுக்கிழமைகளில் எங்கள் தமிழ்ச் சபையில் பாடகர் குழுவை நடத்துவார். சித்தப்பா அவருக்கு ஒரே தம்பி. பாஸ்டர் ஆவதற்காக இறையியல் கல்லூரியில் சேர்ந்து, கடைசி வருடத்தில் படிப்பை விட்டுவிட்டு வந்தவர். ஏன் விட்டார் என்று யாரிடமும் சொல்லவில்லை. ஊருக்கு வெளியே ஸ்ரீ கெம்பாங்கானில் நாற்காலி செய்யும் தொழிற்சாலை ஒன்றில் வேலை பார்த்துக்கொண்டு, பக்கத்திலேயே அறை எடுத்துத் தங்கியிருந்தார். சபைக்கும் வருவதில்லை, எங்கள் வீட்டுக்கும் வருவதில்லை. டிசம்பரில் ஓர் அட்டை மட்டும் வரும். உள்ளே ஆங்கிலத்தில், 'ஹேப்பி எக்ஸ்மஸ்' என்று இரண்டே சொற்கள். அந்த எக்ஸை மட்டும் மற்ற எழுத்துகளைவிடப் பெரிதாக, கால்களை நீட்டி எழுதியிருப்பார். அம்மா அதை டிவி மேல் நிற்கவைப்பார். அப்பா அந்தப் பக்கம் பார்க்கமாட்டார்.

அந்த வருடம் சண்டே ஸ்கூலில் அட்டை செய்யும் போட்டி வைத்தார்கள். எனக்குத் தெரிந்த அழகான எழுத்து சித்தப்பாவின் அந்த எக்ஸ் ஒன்றுதான். சிவப்புத் தாளில் அதே போல ஒரு பெரிய எக்ஸை வெட்டி ஒட்டி, ஓரமெல்லாம் மினுமினுப்புத் தூள் தூவிக் கொண்டுபோனேன். எங்களுக்குப் பாடம் நடத்திய ஆன்டி அதைக் கையில் எடுத்து எல்லோருக்கும் காட்டினார்.

"எக்ஸ் போட்டா தப்புன்னு அர்த்தம், தெரியும்தானே? இயேசப்பா பேர நீயே அடிச்சுப் போட்டுட்டியே."

பிள்ளைகள் சிரித்தார்கள். நான் அழுதுகொண்டே வீட்டுக்கு வந்தேன். அப்பா அட்டையை வாங்கி வெகுநேரம் பார்த்தார். இதை எங்கே கற்றுக்கொண்டாய் என்று கேட்டார். நான் டிவி மேல் இருந்த அட்டையைக் காட்டினேன். அவர் திட்டவில்லை. எழுந்துபோய் அதை எடுத்து, புதிய உறை ஒன்றில் போட்டு, ஸ்ரீ கெம்பாங்கான் முகவரியை எழுதி என்னிடம் நீட்டினார். தம்பிதானே, வேண்டாம் என்று அம்மா மெதுவாகச் சொன்னார். அப்பா காதில் விழாதவர்போல் சட்டையை மாட்டிக்கொண்டு வெளியே போய்விட்டார். இயேசுவின் பெயரை அடித்த குற்றத்துக்குத் தண்டனை இது என்று எனக்கு நன்றாகப் புரிந்தது. என்னைவிடப் பெரிய குற்றவாளி ஒருவர் அகப்பட்டதில் கொஞ்சம் ஆறுதலாகக்கூட இருந்தது. ஓடிப்போய்ப் போட்டுவிட்டு வந்தேன்.

கிறிஸ்துமஸுக்கு இரண்டு நாள் இருக்கும்போது சித்தப்பா வந்தார். கொமுட்டர் ரயிலில் வந்து, வெயிலில் நடந்து, மூச்சு வாங்க நின்றார். அப்பா சபையில் பாட்டுப் பயிற்சிக்குப் போயிருந்தார். அம்மா அச்சுமுறுக்கும் தேநீரும் கொடுத்தார். சித்தப்பா கதவோரத்து நாற்காலியை விட்டு உள்ளே வரவில்லை. அண்ணனுக்கு உடம்பு நன்றாக இருக்கிறதா என்று மட்டும் கேட்டார். அம்மா பதில் சொல்லத் திணறியதைப் பார்த்து, நானே எல்லாவற்றையும் சொல்லிவிட்டேன், ஆன்டி சொன்னதையும், அட்டையைத் தபாலில் போட்டது யார் என்பதையும்.

அவர் என் பள்ளி நோட்டை வாங்கி, கடைசிப் பக்கத்தில் அந்த எழுத்தைப் போட்டார்.

"இது எக்ஸ் இல்லம்மா. கிரேக்க எழுத்து. கீன்னு சொல்லணும். அந்த மொழியில கிறிஸ்து பேரு இதுலதான் ஆரம்பிக்கும்."

பைபிளைக் கையாலே பார்த்து எழுதிய காலத்தில், அந்தப் பெயரைச் சுருக்கித்தான் எழுதுவார்களாம். முழுதாக எழுதச் சோம்பல்பட்டு அல்ல, மரியாதைக்காக. பிறகு ஆங்கிலத்தில் எழுதியவர்கள் அந்த ஓர் எழுத்தையே பெயராக வைத்துக்கொண்டு, பின்னால் மஸ்ஸைச் சேர்த்துக்கொண்டார்களாம். பெயரை யாரும் அடிக்கவில்லை, அது அங்கேயேதான் இருக்கிறது என்றார். சொல்லும்போது அவர் முகம் ஒரு வாத்தியாருடைய முகம்போல் தெளிந்திருந்தது.

இருந்து சாப்பிட்டுவிட்டுப் போகலாம் என்று அம்மா எவ்வளவோ சொல்லிப் பார்த்தார். "இல்ல அண்ணி, அண்ணன் வர்றதுக்குள்ள கிளம்பிடுறேன் லா," என்று அவர் படியிறங்கிவிட்டார்.

எனக்கு மகிழ்ச்சி தாங்கவில்லை. இத்தனை வருடக் கோபமும் ஓர் எழுத்தைத் தவறாகப் படித்ததால் வந்தது, நான் சரியாகப் படித்துக் காட்டினால் முடிந்துவிடும், அப்பாவே போய்ச் சித்தப்பாவைக் கூட்டிக்கொண்டு வந்துவிடுவார். நோட்டைத் திறந்து வைத்துக்கொண்டு காத்திருந்தேன். அப்பா செருப்பைக் கழற்றுவதற்குள் ஒரே மூச்சில் சொல்லி முடித்தேன்.

அவர் நோட்டைக்கூடப் பார்க்கவில்லை.

"தெரியும்மா. அவன் காலேஜ்ல படிக்கறப்ப அந்த எழுத்தெல்லாம் துண்டுத் துண்டுத் தாள்ல எழுதி, ராவும் பகலுமா அவன்கிட்ட கேள்வி கேட்டதே நான்தான். அவனுக்கு முன்னாடி எனக்குத்தான் மனப்பாடம் ஆச்சு."

அப்படியானால் ஏன் திருப்பி அனுப்பினீர்கள் என்று கேட்டேன். அவர் குளியலறைக்குப் போனார். தண்ணீர் திறந்துவிடும் சத்தம் கேட்டது. வெகுநேரம் திறந்தபடியே இருந்தது.

எங்கள் அப்பாவுக்குத்தான் முதலில் பாஸ்டர் ஆகும் ஆசை இருந்தது என்பதை அம்மா எனக்குச் சொன்னது நான் கல்லூரிக்குப் போன பிறகு. வீட்டைப் பார்க்க ஒருவர் வேலைக்குப் போக வேண்டியிருந்ததாம், மூத்தவர் போனாராம்.

சித்தப்பா பிறகு வேலை மாறி ஜொகூருக்குப் போய்விட்டார். சொந்தக்காரர் வீட்டுச் சாவுகளில் அண்ணனும் தம்பியும் பார்த்துக்கொள்வார்கள், சாப்பிட்டாயா என்று ஒருவரை ஒருவர் கேட்பார்கள். அதற்கு மேல் ஒன்றும் நடக்கவில்லை.

அட்டையைத் திருப்பி அனுப்பியதற்கு அடுத்த டிசம்பரில் எனக்கு வேறொரு வருத்தம் வந்தது. கீழ்த்தளத்தில் இருக்கும் எங்கள் தபால் பெட்டியைத் திறப்பது அதுவரை என் வேலை. அந்த மாதம் முழுக்க அப்பா சாவியைத் தன்னிடமே வைத்துக்கொண்டார். வேலை விட்டு வந்ததும் தினமும் அவரே திறந்து பார்த்து, பூட்டி, வெறுங்கையோடு மேலே வருவார். நான் ஏதோ தவறு செய்துவிட்டேன், அதனால்தான் சாவியைப் பறித்துக்கொண்டார் என்று நினைத்து, அம்மாவிடம் போய் முறையிட்டேன்.