நைனா சேர்த்துச் சொன்ன வாக்குறுதி

திருப்பதி நாடாளுமன்றத் தொகுதி மலையடிவாரத்தில் தொடங்கிக் கடற்கரை வரை போகிறது. அதன் தெற்கு ஓரத்தில், தமிழ்நாட்டு எல்லையை ஒட்டி, நாகலாபுரம் பக்கம் எங்கள் காலனி. தனித்தொகுதி என்பதால் எந்தக் கட்சி ஜெயித்தாலும் தில்லிக்குப் போவது எங்கள் ஜனத்தில் ஒருவர்தான். ஆனால் வருகிறவர்கள் எல்லாம் தெலுங்குக்காரர்கள். எங்கள் பெரியவர்களுக்கோ சந்தைத் தெலுங்கைத் தாண்டி ஒன்றும் ஏறாது. அதனால் ஓட்டு கேட்டு ஜீப் வந்தால் முதலில் என் அப்பாவை, நைனாவைத்தான் கூப்பிடுவார்கள். வேட்பாளர் மைக்கில் ஒரு வரி சொல்வார், நைனா அதைத் தமிழில் சொல்வார். கட்சி வித்தியாசமெல்லாம் கிடையாது. காலையில் ஒருவருக்கு, சாயங்காலம் அவரை எதிர்ப்பவருக்கு. எனக்கு அதில் அப்படியொரு பெருமை.

அப்போது எங்கள் சுடுகாட்டுக்குப் பாதை இல்லை. மழைக்காலத்தில் பிணத்தைச் சுமந்துகொண்டு வயல் சேற்றில் இறங்க வேண்டும். ஒரு தேர்தலில் வேட்பாளர் பென்ஷன், வீடு, போர்வெல் என்று அடுக்கினார், பாதையை விட்டுவிட்டார். நைனா கூசாமல், சுடுகாட்டுக்குப் பாதை போட்டுத் தருகிறேன் என்று தமிழில் சேர்த்துவிட்டார். கைதட்டல் அடங்கவே இல்லை. எதற்கென்று தெரியாமலே வேட்பாளர் பூரித்துப்போய்க் கும்பிட்டார்.

வீட்டில் அம்மா பிடித்துக்கொண்டாள். விஷயம் தெரிந்தால் உதைப்பார்கள் என்றாள்.

"பொணத்தத் தூக்கிக்கினு சேத்துல உழுறது நாம. அவரு மறந்தத நான் சொன்னேன்," என்றார் நைனா.

அவரே ஜெயித்து நன்றி சொல்ல வந்தபோது காலனியே பாதையைக் கேட்டது. அவர் விழித்தார், நான் அப்படிச் சொன்னேனா என்று நைனாவிடம் தெலுங்கில் கேட்டார். நைனா அசரவில்லை. காலனியே காதால் கேட்டதே சார் என்றார். அவர் கூட்டத்தைப் பார்த்தார், நைனாவைப் பார்த்தார். சிரித்துவிட்டு, "செப்பானு" என்றார். சொன்னேன் என்று நைனா கூட்டாமல் குறைக்காமல் மொழிபெயர்த்தார். அந்தக் கோடைக்குள் மண் கொட்டிப் பாதை போட்டார்கள்.

நைனா இப்போது இல்லை. அந்தப் பாதையில்தான் கொண்டுபோனோம். யார் காலிலும் சேறு படவில்லை. பிள்ளைகள் தெலுங்கு மீடியத்தில் படித்துவிட்டார்கள். வேட்பாளர் பேசினால் எல்லாருக்கும் நேராகவே புரிகிறது. போன தேர்தலுக்கு முன்பே மழை பாதையைப் பாதி அரித்துப்போட்டிருந்தது. வந்தவர் நெடுநேரம் பேசினார். பாதையைப் பற்றி ஒரு வார்த்தை இல்லை. மைக்குக்குப் பக்கத்தில் ஆளில்லாத இடத்தையே பார்த்துக்கொண்டு நின்றேன். நைனா வேண்டும் போலிருந்தது.