விருந்தாளிகளாக ஏறிய ரயில்

பழைய மின்சார ரயில் பெட்டி என்றாலே இன்றைக்கும் எனக்கு வயிறு குமட்டும். நாங்கள் பிழைக்க வந்த இந்த ஐரோப்பிய நாட்டுக்காரர் அதன் படத்தைச் சட்டம் போட்டு வீட்டில் மாட்டுகிறார்கள். மாட்டட்டும்.

தொண்ணூறுகளின் நடுப்பகுதி. என் கணவருக்கு ஒரு மலை ரயில்பாதையில் புட்ஸ் வேலை. பெட்டிகளைக் கூட்டித் துடைப்பது. ஒடுக்கமான தண்டவாளத்தில், தனி என்ஜின் இல்லாமல் தாமே மலையேறும் சிவப்புப் பெட்டிகள். வேலை முடிந்து வருபவரின் சட்டையில் பிரேக் தூசியும் சுருட்டுச் சாம்பலும் சேர்ந்து நாறும். மர இருக்கைகளின் அடியில் ஒட்டியிருக்கும் சுவிங்கத்தைச் சுரண்டிச் சுரண்டி நகமெல்லாம் கறுத்திருக்கும். நான் சோற்றுக் கோப்பையோடு தள்ளிப்போய் உட்காருவேன்.

அந்தப் பெட்டிகளுக்கு ஓய்வு கொடுத்தார்கள். கடைசிச் சவாரிக்கு மனைவியையும் கூட்டி வா, அன்றைக்கு நீ விருந்தாளி என்று அவருடைய மேலதிகாரியான ஷெஃப் சொன்னாராம். மனிதருக்குத் தலைகால் புரியவில்லை. தான் துடைத்த இருக்கையில் ஒருநாளாவது கால்மேல் கால் போட்டு உட்கார வேண்டும் என்பது அவருடைய நெடுநாள் ஆசை. புதுக் கோட்டெல்லாம் வாங்கினார்.

ஏறியதும், பெட்டி பளபளப்பதற்கு இவர்தான் காரணம் என்று ஷெஃப் எல்லோருக்கும் அவரைக் காட்டினார். பிறகு வெள்ளை வைனும் உருக்கிய சீஸும் வந்தன. கழற்றிப்போட்ட காலுறை மணம். ஒரு வளைவில் பெட்டி குலுங்க, எதிரே இருந்த பெரிய மனிதர் தின்றது அத்தனையையும் தரையில் கக்கினார்.

எல்லோரும் திரும்பி என் கணவரைப் பார்த்தார்கள். வாந்தியைப் பார்த்து வராத ஓங்காளம் எனக்கு அந்தப் பார்வையில் வந்தது.

"இஞ்சாருங்கோ, எழும்பாதேங்கோ. நாங்கள் விருந்துக்கு வந்தனாங்கள்," என்றேன்.

அவர் கோட்டைக் கழற்றி என் மடியில் வைத்துவிட்டு, வாளி இருக்கும் மூலைக்கு நேராகப் போனார். முழங்காலில் நின்று துடைத்தார். முடிந்ததும் எல்லோரும் கைதட்டினார்கள். கக்கியவரும் தட்டினார். சீ, அதெல்லாம் ஒரு கைதட்டலா!

வந்து உட்கார்ந்தவரிடம் பல்லைக் கடித்துக்கொண்டு கேட்டேன்: "ஆரும் உங்களைக் கேட்டவையோ?"

"இல்லை. அதுதான் எழும்பினனான்," என்றார் மெதுவாக. "கேட்டாப் பிறகு எழும்பினா, உமக்கு முன்னாலை நான் வேலைக்காரன். இப்ப நானா எழும்பினன்."

அவர் கையைப் பிடித்தேன். நாறியது. மலை உச்சி வரும்வரை விடவில்லை.